மீன் விடுமுன் நீரைப் பண்படுத்தல்

பெரிய நன்னீர்க் கண்ணாடித் தொட்டி அமைப்போருக்கு

விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்த வேண்டும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதே கமக்காரர் வீட்டில் அழகு மீன் வளர்க்கத் தொடங்கும்போது, காலையில் தொட்டியை வாங்கி, நண்பகலில் நீர் நிரப்பி, மாலையில் மீனை விட்டுவிடுகிறார். முதல் நான்கைந்து நாட்கள் மீன்கள் நலமாகவே காணப்படும். அதன்பின் அவை இரையை மறுக்கும். நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். நீரோ பளிங்குபோலத் தெளிந்திருக்கும். நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று வாங்கியவர் விற்றவரைக் குறைகூறுவர். இரையை அளவுக்கு மிஞ்சி இட்டதே காரணம் என்று விற்றவர் மறுமொழி கூறுவர். பெரும்பாலும் இருவர் கூற்றும் பொருந்துவதில்லை. மீனின் கழிவைத் தின்று அகற்றும் உயிர்கள் அத்தொட்டியில் இன்னும் குடியேறவில்லை என்பதே உண்மையான காரணமாகும்.

இவ்விழப்பைச் சிறிதென எண்ணலாகாது. வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மூன்று சீமெந்துத் தொட்டிகளைக் கட்டிக் கப்பி முதலிய மீன்களைப் பெருக்கி விற்று வாழும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல உள. இரண்டு முறை மீனை இழந்தவர் மூன்றாம் முறை வாங்க வருவதில்லை. அன்றியும், ‘செரி பாப்’ எனப்படும் செந்நிறச் சிறுமீனும், வெற்றிலை மென்றது எனப் பொருள்படும் ‘புலத் ஹப்பயா’ என்ற சிங்களப் பெயரால் அறியப்படும் கருஞ்சிவப்பு மீனும், களனி கங்கை தொடக்கம் நில்வளா கங்கை வரையுள்ள ஈரவலயத்து நிழலோடைகளையே தாயகமாகக் கொண்டவை. உலகில் வேறெங்கும் அவை இயற்கையாகத் தோன்றியதில்லை. ஓடையிற் பிடித்த மீன் தொட்டியில் மடியுமாயின், அதனிடத்திற்கு மற்றொன்றை அவ்வோடையே கொடுக்க நேரும்.

மண்ணில் நிகழ்வதே தொட்டியிலும்

மிளகாய்த் தோட்டத்தில் இட்ட யூரியா மண்ணில் முதலில் அமோனியாவாகவும், பின்னர் நைத்திரைற்றாகவும், இறுதியில் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. மாற்றுபவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். இது வெறும் இரசாயன மாற்றமன்று, உயிர்ச்செயல் என்பதை 1877ஆம் ஆண்டில் சுலோசிங், முன்சு என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் காட்டினர். மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயினூடாகக் கழிவுநீரை மெல்ல வடியவிட்டபோது அதிலிருந்த அமோனியா நைத்திரேற்றாயிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தி உயிர்களை அடக்கியவுடன் அம்மாற்றம் நின்றது. அவ்வுயிர்களைத் தனிப்படுத்தி வளர்க்கும் முறையை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி கண்டார். மீன்தொட்டியின் வடிகட்டி என்பது அந்த மணற்குழாயேயன்றி வேறன்று.

மீன்கள் தம் கழிவு நைத்திரசனின் பெரும்பகுதியைச் செவுள்வழியே அமோனியாவாக வெளிவிடுகின்றன. எஞ்சிய இரையும் எருவும் அழுகும்போதும் அதுவே பிறக்கிறது. ஒரு கூட்டப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றும். முன்னையது செவுளை எரிக்கும் நஞ்சு. நடுவணது குருதியைக் கபிலநிறமாக்கி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றலைக் கெடுக்கும் நஞ்சு. பின்னையது அளவோடிருந்தால் மீனுக்குத் தீங்கற்றது. நைத்திரைற்று, நைத்திரேற்று என்னும் சொற்கள் ஓரெழுத்தளவில் வேறுபட்டவையாயினும் அவற்றின் பொருள்கள் உயிருக்கும் மரணத்துக்குமுள்ள வேறுபாடுடையன. சோதனைத் திரவம் வாங்குவோர் பெயரை இருமுறை வாசித்து வாங்குக.

இரண்டாம் படியைச் செய்வது ‘நைத்திரோபற்றர்’ என்று பழைய பாடநூல்கள் கூறும். நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது பெரும்பாலும் ‘நைத்திரோசுபைரா’ என்னும் இனமே என 1998ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. இவ்வினத்துட் சில, அமோனியாவைத் தொடக்கத்திலிருந்து நைத்திரேற்று வரை தாமே தனித்து மாற்றவல்லவை என்பது 2015ஆம் ஆண்டில் அறியப்பட்டது. வளர்ப்போர் அறியவேண்டியது ஒன்றே: இவ்வுயிர்கள் மெல்லப் பெருகுவன. பாலைத் தயிராக்கும் பற்றீரியா ஓரிரவிற் பெருகிவிடும். இவையோ ஒரு முறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ எடுப்பவை. ஆகவே தொட்டி பண்பட நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அக்காலத்தில் மீனைத் தொட்டியில் வைத்து வதைக்காமல், மீன் தரும் அமோனியாவை நாமே அளந்து இட்டு அப்பற்றீரியாவை வளர்ப்பதே இங்கு கூறப்படும் முறையாகும். மலிந்த மீன் சிலவற்றை முதலில் விட்டு, அவை மடிந்தபின் நல்ல மீனை விடும் வழக்கத்தை நாம் ஏற்கவில்லை.

தொட்டியும் அதன் பாரமும்

ஐந்து அடி நீளமும் இரண்டு அடி அகலமும் இரண்டு அடி உயரமும் கொண்ட தொட்டியை உதாரணமாகக் கொள்வோம். அடியில் இரண்டங்குலப் பரலும் மேலே இரண்டங்குல வெளியும் விட்டால் அது ஏறக்குறைய 480 இலீற்றர் நீரைக் கொள்ளும். நீரும் பரலும் கண்ணாடியும் சேர்ந்து 650 கிலோகிராம் வரை நிறுக்கும். எனவே தொட்டியை நிலவறையிலோ கீழ்த்தளத்திலோ, மட்டம் பார்த்து, முழு அடியும் தாங்கும் மேடையில் வைத்தல் வேண்டும். கண்ணாடிக்கும் மேடைக்குமிடையே நுரைத்தகடு ஒன்றை இடுக. மேல்மாடியில் வைக்க விரும்புவோர் முன்னதாகக் கட்டட வேலையறிந்த ஒருவரைக் கேட்பது நன்று.

ஆற்றுப் பரலை நீர் கலங்காதவரை கழுவியபின்னரே பரப்புக. சவர்க்காரம் எவ்விடத்தும் படலாகாது. ஈரவலய மீன்களுக்குச் சிப்பியும் முருகைக்கல்லும் கலந்த பரல் பொருந்தாது; ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும் பரல் அவ்வகையைச் சேர்ந்ததென அறியலாம்.

பெரிய தொட்டிக்கு வடிகட்டியே உயிர்நிலை. மணித்தியாலத்துக்கு 2000 இலீற்றர் நீரை அதனூடே செலுத்தவல்ல பம்பியும், பற்றீரியா படர்வதற்கு நிறைந்த நுரைப்பஞ்சும் வேண்டும். இவற்றோடு காற்றுக்கல் ஒன்றையும் இடுக. சிலர் மீனில்லாத தொட்டிக்குக் காற்று எதற்கு என வினவுவர். 1 மில்லிகிராம் அமோனிய நைத்திரசனை நைத்திரேற்றாக்குவதற்கு ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஒட்சிசன் செலவாகும். நாம் இடப்போகும் ஒரு முறை அமோனியா முழுவதும் மாறுவதற்குத் தேவையான ஒட்சிசன், நம் நாட்டுத் தாழ்நில வெப்பத்தில் அத்தொட்டி நீர் தன்னுட் கரைத்து வைத்திருக்கும் ஒட்சிசன் அனைத்துக்கும் ஏறக்குறையச் சமம். காற்றின்றேல் பற்றீரியாவே மூச்சுமுட்டும்.

நீர் எவ்விடத்தது?

அயல்நாட்டு நூல்களைப் பார்த்துத் தொட்டி அமைப்போர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. நம் தீவு சிறிதாயினும் அதன் நீர் ஒரு தன்மைத்தன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் ஊறுபவை. அந்நீர் வன்மையும் காரமும் உடையது. பண்படுத்தும் பற்றீரியாவுக்கு இது நன்று; ஆயின் மீனுக்கு எச்சரிக்கை தேவை. ஏனெனில் நீரிலுள்ள அமோனியாவில் நஞ்சாவது கட்டற்ற அமோனியா என்னும் பகுதியே. 28 பாகை செல்சியசு வெப்பத்தில், பீ.எச். பெறுமானம் 7 ஆயின் அப்பகுதி நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. பெறுமானம் 8 ஆயின் நூற்றுக்கு ஆறு, ஏழு. ஒரே அளவு அமோனியா மலைநாட்டு நீரில் மீனைச் சோர்விக்க, குடாநாட்டு நீரில் அதனைக் கொன்றுவிடும். மற்றொன்று, வெங்காயம், மிளகாய், புகையிலைச் செய்கைக்கு இட்ட பசளை கசிந்திறங்கியமையால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று முன்னரே மிகுந்துள்ளது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த 50 மில்லிகிராம் எல்லையை மீறிய கிணறுகளும் உள. அத்தகைய நீரை நிரப்பிய முதல்நாளே சோதித்தால் நைத்திரேற்று நன்கு தெரியும்; தொட்டி பண்பட்டுவிட்டதென அதைக் கொண்டு முடிவு செய்தல் பெருந்தவறு. கிணற்றுநீரைத் தனியே சோதித்து அதன் எண்ணை முதலிற் குறித்துக்கொள்க.

மலைநாட்டு ஊற்றுநீரின் நிலை இதற்கு நேர்மாறானது. அது மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை அதில் மிகக் குறைவு. அமோனியா நைத்திரேற்றாகும்போது அமிலம் தோன்றும். இலீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா மாறுவதற்கு, சுண்ணக் காபனேற்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 12 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். ஆகவே மூன்று நான்கு முறை இட்டவுடன் காரத்தன்மை தீர்ந்து, பீ.எச். 6 இற்குக் கீழிறங்கிப் பற்றீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். பல வாரம் காத்திருந்தும் என் தொட்டி பண்படவில்லை எனக் கூறும் மலைநாட்டு வளர்ப்போர் முதலில் நோக்கவேண்டியது இதுவே. 480 இலீற்றர் தொட்டிக்கு 40 கிராம் அப்பச்சோடாவைக் கரைத்து விட்டால் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் காரத்தன்மை கூடும். வேலை மீண்டும் தொடங்கும். பண்படுத்தி முடிந்தபின் நீரை மாற்றுவதால், மென்னீர் விரும்பும் மீனுக்கு இச்சோடாவால் இடையூறு நேராது.

இப்பற்றீரியா 25 முதல் 30 பாகை வெப்பத்தில் நன்கு பெருகும். கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் வெப்பமூட்டி வேண்டியதில்லை. நுவரெலியாவிலோ அது இன்றியமையாதது.

குழாய்நீரிலுள்ள குளோரீன் பற்றீரியாவைக் கொல்லும். நீரை ஒரு நாள் காற்றூட்டி வைத்தால் அது அகலும். அவசரமாயின், 1 மில்லிகிராம் குளோரீனுக்கு 7 மில்லிகிராம் வீதம் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கைக் கரைத்து விடலாம்.

அமோனியாவை இடும் முறை

ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம் என்பது அமோனியம் குளோரைட்டே. இரசாயனப் பொருள் விற்போரிடம் தூயதைக் கேட்டு வாங்குக. 30 கிராமை 1 இலீற்றர் நீரிற் கரைத்துப் போத்தலில் அடைத்துப் பெயரெழுதிச் சிறுவர் கைக்கெட்டாது வைக்க. இக்கரைசலில் 100 மில்லிலீற்றரை 480 இலீற்றர் தொட்டிக்கு விட்டால் இலீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். சிறிய தொட்டியாயின் 100 இலீற்றருக்கு 20 மில்லிலீற்றர் வீதம் கணக்கிடுக.

நவச்சாரம் கிடையாத இடத்தில், வேறெதுவும் கலவாத அமோனியம் சல்பேற்றுப் பசளை 3.7 கிராம் அதே பயனைத் தரும். யூரியாவாயின் 1.7 கிராம் போதும்; ஆனால் யூரியா அமோனியாவாக உடைவதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் சோதித்து, ‘அமோனியா இல்லை’ எனக் கண்டு மீண்டும் மீண்டும் இடுவோர் பின்னர் அடக்கமுடியாத அளவைக் காண்பர். கூட்டுப்பசளையையும் செம்பு சேர்ந்த எதனையும் தொடலாகாது. இறாலைத் துணியிற் கட்டித் தொங்கவிட்டு அழுகச் செய்யும் வழக்கமும் உண்டு. அது பயன்தராதென்பதற்கில்லை, ஆயின் எவ்வளவு அமோனியா வந்ததென அளக்க இயலாது. வீட்டார் நாற்றத்தைப் பொறுப்பதும் அரிது.

இலீற்றருக்கு 4, 5 மில்லிகிராம் இடவேண்டும் என்போர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மீனுணவு 100 கிராமிலிருந்து ஏறத்தாழ 3 கிராம் அமோனிய நைத்திரசன் பிறக்கும் என்பது மீன் வளர்ப்பில் வழங்கும் கணக்கு. அதன்படி, ஒரு நாளில் 2 மில்லிகிராமைத் தின்னும் 480 இலீற்றர் தொட்டி ஏறக்குறைய 27 கிராம் உணவின் கழிவைத் தாங்கும். ஒரு கிராம் நிறையுள்ள செரி பாப் நூறு சேர்ந்தாலும் நாளொன்றுக்கு நான்கு கிராம் உணவுக்கு மேல் உண்ணா. மிகுதியாக இடுவது பற்றீரியாவை விரைவிற் பெருக்குவதில்லை. நைத்திரைற்றை மலைபோற் குவித்து இரண்டாம் கூட்டத்தைத் தாமதப்படுத்துவதே அதன் விளைவு.

முதல் நாள் அளவை இட்டபின், இரண்டு நாளுக்கொருமுறை அமோனியாவையும் நைத்திரைற்றையும் சோதித்துக் கொப்பியிற் குறித்துவருக. முதல் ஒரு வாரம், சிலவேளை பத்து நாள், எதுவும் நிகழ்வதாகத் தோன்றாது. பொறுமையிழந்து நீரை மாற்றுவோரும், மேலும் மருந்திடுவோரும் இக்கட்டத்திலேயே மிகுதி. பின்னர் அமோனியா குறையத் தொடங்கும், நைத்திரைற்று தோன்றும். அமோனியா முற்றாக அற்றவுடன் அடுத்த அளவை இடுக. ஒவ்வோர் அளவும் 5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரைற்றாகும்; ஆதலால் இரண்டாம் முறைக்குப்பின் சோதனை அட்டையின் கடைசி நிறத்தையும் அது கடந்துவிடும். அப்போது தொட்டிநீர் ஒரு பங்குக்கு நைத்திரைற்று இல்லாத நீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணைப் பத்தாற் பெருக்குக. அது 20 ஐத் தாண்டுமாயின் பாதி நீரை மாற்றி, அமோனியாவைப் பாதி அளவாகக் குறைத்து இடுக. நைத்திரைற்று உள்ளபோது நைத்திரேற்றுச் சோதனை மிகைப்பட்ட எண்ணைக் காட்டுமாதலின் அதனை நம்பவேண்டாம்.

நைத்திரைற்று நாளும் உயர்ந்து நின்று, பின் எதிர்பாராத ஒரு காலையில் வீழ்ந்திருக்கக் காணலாம். அதன்பின் ஒரு முழு அளவை இட்டு 24 மணித்தியாலம் கழித்துச் சோதிக்க. அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டுமே இல்லையாயின், மறுநாளும் அவ்வாறே செய்து உறுதிசெய்க. இரண்டு நாளும் தேறிய தொட்டியே பண்பட்ட தொட்டி. கடைக்காரர் சொல்லும் நாட்கணக்கோ நீரின் தெளிவோ இதற்குச் சான்றாகா.

இக்காலத்தைச் சுருக்க விரும்புவோர், நோயற்ற பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சைக் கேட்டுப் பெற்று, காயவிடாது கொண்டுவந்து தம் வடிகட்டியிற் சேர்க்கலாம். உறை மோர் இடுவது போன்ற இச்செயலால் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்தில் தொட்டி பண்படுவதுண்டு. குளத்துச் சேற்றை இடுவது ஆகாது. அதனோடு மீனைப் பற்றும் ஒட்டுண்ணிகளும் வந்துசேரும். ஈழத்துக்கே உரிய கிரிப்தொகொரைன் செடிகள் முதலியவற்றை நடுவதாயின், விளக்கை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எரிக்கவேண்டாம். இன்றேல் பாசி முந்திக்கொள்ளும்.

மீன் வந்தபின்

பத்து முறை அமோனியா இட்ட தொட்டியில் 70 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று சேர்ந்திருக்கும். ஆகவே மீன் வருவதற்கு முந்திய நாள் நீரில் முக்காற்பங்கை மாற்றுக. கிணற்றிலேயே நைத்திரேற்று மிகுந்த இடத்தில் மழைநீரைக் கலந்து மாற்றலாம். மீன் வரத் தாமதமாயின், அது வரும்வரை இரண்டு நாளுக்கொருமுறை பாதி அளவு அமோனியாவை இட்டுவருக. இரையற்ற பற்றீரியா தளர்ந்துவிடும். முதலில் எண்ணிய தொகையில் பாதியை விட்டு, ஒரு வாரம் சோதித்து, குறைவின்றேல் மீதியை விடுவது நன்று.

வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரிற் கழுவினால் ஆறு வாரத்து உழைப்பும் ஆறு நிமிடத்தில் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்லப் பிழிந்தெடுப்பதே போதும். மின்தடையும் இத்தகைய பகையே. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, மூடிய வடிகட்டிகளுள் அகப்பட்ட பற்றீரியா ஒட்சிசனின்றி மடிந்தது. மின் வந்தவுடன் அக்கெட்ட நீர் தொட்டிக்குள் பாய்ந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தடை நீடிக்குமாயின் வடிகட்டியைத் திறந்து, பஞ்சைத் தொட்டிநீரிலேயே மிதக்கவிடுக. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்று கையிலிருத்தல் இன்னும் நன்று. எவ்வாறாயினும் மின் வந்தபின் வடிகட்டியில் தேங்கிய நீரை வெளியே ஊற்றிவிட்டே அதனை இயக்குக.

எதிர்பாராது நைத்திரைற்று தலைகாட்டினால், இரையை நிறுத்தி, பாதி நீரை மாற்றி, 10 இலீற்றருக்கு 1 கிராம் வீதம் கறியுப்பைக் கரைத்து விடுக. உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள்வழி குருதியிற் புகுவதைத் தடுக்கும்.

வாரந்தோறும் தொட்டியில் ஐந்திலொரு பங்கு நீரை மாற்றவேண்டும். இவ்வாறு எடுக்கும் ஏறக்குறைய நூறு இலீற்றர் நீரில் பயிருக்கு வேண்டிய நைத்திரேற்று உண்டு. உப்பிட்ட வாரம் தவிர மற்றெல்லா வாரமும் அதனை வாழைக்கோ கத்தரிக்கோ கீரைப்பாத்திக்கோ ஊற்றலாம். குடாநாட்டார் மட்டும் கிணற்றுக்கட்டின் அருகே ஊற்றாது, தள்ளி நிற்கும் வாழைக்குக் கொண்டுசென்று ஊற்றுக.